பஸ் மாமா பார்த்த புரூப்

அச்சகத்தில் அவளை எல்லோரும் புரூப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பிழை திருத்துவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே ஜன்னலோர மேசை, அதே சிவப்புப் பேனா. புத்தகம் வெளிவந்த பிறகு அதில் ஒரு பிழை கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அவள் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். பிள்ளைகளுக்கு அவர் பஸ் மாமா. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மளிகைப் பட்டியலைக்கூட அவள்தான் எழுத வேண்டும். அவர் பேனாவைத் தொட்டுப் பல காலம் ஆயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் எழுந்தபோது இடது கண்ணின் இமைகள் பசை தடவியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. புதன்கிழமைக்குள் வலது கண்ணும் சிவந்துவிட்டது. காதுக்கு முன்னால் பட்டாணி அளவுக்கு நெறி கட்டியிருந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டதுபோல உறுத்தியது.

கண் டாக்டர் இமையை மடக்கிப் பார்த்தார். “அடினோ வைரஸ். சளி, தொண்டைவலி கொடுக்கிற கூட்டம்தான். அதுல சிலது கண்ணைப் பிடிச்சுக்கும். இதைக் கொல்ற மருந்துன்னு ஒண்ணும் இல்ல. குளிர்ந்த துணியால ஒத்தடம் கொடுங்க, கண்ணு காயாம இருக்க இந்தச் சொட்டை விடுங்க. தானா வந்தது, தானா போகும். ஆனா சட்டுனு ஒட்டிக்கும். துண்டு, தலையணை எல்லாம் தனியா வச்சுக்கணும்.”

கணவர் வாசலில் நின்றபடியே கேட்டார். “நான் முப்பது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறவன், டாக்டர்.”

“உங்க கண்ணு சிவக்காத வரைக்கும் ஓட்டலாம். கையை மட்டும் சோப்பு போட்டுக் கழுவிக்கிட்டே இருங்க.”

அவர் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்துப்போனது. அவள் துண்டின் மூலையில் அடையாளத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்தார். இரண்டு வாரம் கூடத்தில் படுத்துக்கொண்டார். ஒத்தடத்துணியை நனைத்துப் பிழிந்து, அறைக்கதவோரம் ஸ்டூலில் வைத்து, “வச்சிருக்கேன்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார்.

மூன்றாவது வாரம் சிவப்பு வடிந்தது. அவள் ஆசை ஆசையாக அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தைப் பிரித்தாள். எழுத்துகள் ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல மங்கிக் கிடந்தன. ‘ல’ எது, ‘ள’ எது என்று பிரிக்க முடியவில்லை. டியூப்லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்தது.

“கருவிழியில சின்னச் சின்னப் பொட்டா விழுந்திருக்கு. இந்த வைரஸ் கண்ணுல விட்டுட்டுப் போற மிச்சம்,” என்றார் டாக்டர். “இனிமே யாருக்கும் ஒட்டாது. ஆனா இது மறைய வாரக்கணக்கு ஆகும். சில பேருக்கு மாசக்கணக்கும் ஆகும். அவசரப்படாதீங்க.”

அவள் கையில் அப்போது இருந்தது குழந்தை மருத்துவர் ஒருவர் எழுதிய செவிலியர் கையேடு. முந்நூறு பக்கம். அச்சக முதலாளி நல்ல மனிதர். “வேற ஆளைப் பார்க்கச் சொல்லட்டுமா அக்கா?” என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். அவள் புரூப் கட்டையும் கையெழுத்துப் பிரதியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மேசையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலை டிரிப் முடித்து வந்த கணவர் செருப்பைக் கழற்றியபடி கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நான் படிக்கட்டுமா?”

“நீங்களா?”

“மெதுவாத்தான் வரும். நீ பொறுத்துக்கணும்.”

காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவில் அவருக்கு நான்கு மணி நேரம் இருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவளைச் சாய்ந்து உட்காரச் சொல்வார். அவர் வெளிச்சம் விழும் கோடியில் நாற்காலி போட்டுக்கொள்வார். மேடு பள்ளமான சாலையில் வண்டி போவதுபோலத்தான் முதல் நாள் படிப்பு போனது. காதால் கேட்டு எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்க முடியாதே. அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் குறுக்குக் கேள்வி போட்டாள்.

“‘தொற்று’. சின்ன ர-வா, பெரிய ற-வா?”

“பெரிசு.”

“‘கண்’?”

“மூணு சுழி. உன் கண்ணு மூணு சுழிதானே, தெரியாதா எனக்கு?”

மூன்றாம் நாள் அவராகவே நிறுத்தினார். “‘கண்ணை கசக்காதீர்கள்’னு இருக்கு. நடுவுல ஒரு க் வரணும்ல?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இவ்வளவு தெரிஞ்ச ஆளு, ஏங்க ஒரு துண்டுச்சீட்டுகூட எழுத மாட்டேங்கிறீங்க?”

“எழுதினேனே. கல்யாணமான புதுசுல. ‘சாவி பக்கத்து வீட்டில்’னு எழுதி வச்சிட்டுப் போனேன். கடைசி எழுத்து தப்பு, ல்-க்குப் பதிலா ள் போட்டுட்டேன். நீ சிவப்பு மையில வட்டம் போட்டு, பத்துக்கு ஏழு மார்க் கொடுத்து, திரும்ப ஒட்டி வச்சிருந்தே.”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட்டாகச் செய்தது, அன்று சாயங்காலமே மறந்தும் போனது. இவர் இத்தனை வருடம் அதை மனசில் வைத்துக்கொண்டு பேனாவைத் தொடாமலே இருந்திருக்கிறார். கையை நீட்டி அவர் கையைத் தேடினாள். வெடித்த விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

“எனக்குத் தெரியாதுங்க.”

“சரி விடு. ஏழு மார்க் பாஸ்தானே,” என்றார் அவர். “அடுத்த வரிக்கு வா.”

ஒன்பதாவது நாள் வைரஸ்களைப் பற்றிய அத்தியாயம் வந்தது. அடினோ வைரஸ் பகுதியை அவர் உற்சாகமாகப் படித்தார். ஜலதோஷம், மூச்சுக்குழாய் அழற்சி, கைக்குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, கண்நோய். “உன்னைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க. போட்டோதான் போடல.” அடுத்தது பாக்ஸ் வைரஸ்கள். உலகத்தைவிட்டே ஒழிக்கப்பட்ட பெரியம்மை, குரங்கம்மை, ஆடு மேய்ப்பவர்கள் விரலில் வரும் புண். சின்னம்மை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல என்று ஒரு வரி இருந்தது. “பேர்ல அம்மை இருந்தா மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது போல,” என்றார்.

அதற்கடுத்த பத்தியில் அவர் குரல் மெதுவானது.

“‘முத்துப்பரு. குழந்தைகளின் தோலில் முத்துப்போலப் பளபளக்கும் சிறு பருக்கள். நடுவில் குழி இருக்கும். தீங்கற்றது. மாதங்கள் ஆனாலும் தானே மறையும். ஆடையாலோ பிளாஸ்திரியாலோ மூடினால் போதும். இதற்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டும்.’”

அவர் அதற்கு மேல் படிக்கவில்லை.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“இடிக்குதே. தீங்கில்லைங்கிறாங்க, மூடினாப் போதும்ங்கிறாங்க. அப்புறம் எதுக்குப் பள்ளிக்கூடத்தை நிறுத்தணும்?”

“கையெழுத்துப் பிரதியில என்ன இருக்கு?”

“மை பரவிக் கிடக்கு. ‘வேண்’ வரைக்கும்தான் தெரியுது.”

அவள் உடனே கையேட்டை எழுதிய டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள். அவர் எண்ணை அழுத்தவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“என் பஸ்ஸுல ஒரு பொண்ணு வரும். ரெண்டாம் வகுப்பு, சிட்டுன்னு கூப்பிடுவோம். கையில இதே மாதிரி இருக்கு. இன்னொரு பொண்ணோட அம்மா வந்து, அவளைத் தனியா உட்கார வைங்கன்னு சண்டை போட்டாங்க. எதுக்கு வம்புன்னு நான்தான் அவளைக் கடைசி சீட்டுல தனியா உட்கார வச்சேன். ஒரு மாசம் ஆச்சு. முன்னெல்லாம் இறங்குறவரைக்கும் வாய் ஓயாது. இப்போ பேசுறதே இல்ல. இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வருது.”

“போன் போடுங்க,” என்றாள் அவள் மெதுவாக.

டாக்டர் வரியைக் கேட்டுவிட்டுப் பதறிப்போனார். “வேண்டாம்னுதாங்க எழுதினேன். இது அப்படியே போயிருந்தா எத்தனை பிள்ளைங்களை வீட்டுல உட்கார வச்சிருப்பாங்க. யாருங்க கண்டுபிடிச்சது?”

“எங்க வீட்டுக்காரர்,” என்றாள் அவள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்ததை அவளே கவனித்தாள்.

மறுநாள் காலை சிட்டு பஸ்ஸில் ஏறி, பழக்கப்படி கடைசி சீட்டைப் பார்த்து நடந்தாள். பஸ் மாமா எழுந்துபோய் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“சிட்டு, மாமா தெரியாம ஒரு தப்பு பண்ணிட்டேன். நீ தனியா உட்கார வேண்டியதே இல்ல. உன் பழைய சீட்டுக்குப் போ.”

“ஒட்டிக்கும்னு சொன்னாங்களே?”

“சொறிஞ்சா ஒட்டும். ஒரே துண்டால தொடச்சா ஒட்டும். சட்டை மூடியிருந்தா, பக்கத்துல உட்கார்ந்து கதை பேசினா ஒட்டாது. டாக்டரையே கேட்டுட்டேன்.”

அவள் யோசித்தாள். “ஜன்னல் பக்கம் எனக்கா?”

“உனக்குத்தான்.”

அடுத்த நிறுத்தத்தில், முன்பு சண்டை போட்ட அந்த அம்மா படியில் கால் வைத்து, “என்ன டிரைவர், மறுபடியும் அங்கே உட்கார வச்சிருக்கீங்க?” என்று ஆரம்பித்தார். பஸ் மாமா இன்ஜினை அணைத்தார். சிட்டுவிடம் சொன்னதையே அவரிடமும் நிதானமாகச் சொன்னார். “நம்பிக்கை இல்லேன்னா உங்க டாக்டரைக் கேளுங்க. ஒரு பிள்ளைய ஒரு மாசம் ஒதுக்கி வச்ச பாவம் எனக்குப் போதும்.” அந்த அம்மா அரைமனதோடு மகளை ஏற்றிவிட்டார். இரண்டு நாள் கழித்து, தங்கள் டாக்டரும் அதையேதான் சொன்னார் என்று அவராகவே வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் பெண்கள் இரண்டு பேரும் பஸ் மாமாவின் காது புளிக்கும்வரை பேச ஆரம்பித்திருந்தார்கள்.

புரூப் அக்காவின் கண் தெளிய நான்கு மாதம் பிடித்தது. ஒரு நாள் காலையில் சுவர் நாட்காட்டியின் சின்ன எழுத்தை நின்ற இடத்திலிருந்தே படித்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். கையேடு வெளிவந்தது. முன்னுரையில் டாக்டர் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும் நன்றி சொல்லியிருந்தார். மூன்று சுழியும் இரண்டு சுழியும் சரியாக இருக்கிறதா என்று பஸ் மாமா அந்த வரியை மூன்று தடவை பார்த்தார்.

அடுத்த வாரம் முதலாளி புதுக் கட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அவளே படிக்கலாம், யார் துணையும் தேவையில்லை. ஆனாலும் மத்தியானம் அவர் வரும்வரை அதைப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

“இதுல என்ன வியாதி?” என்று கேட்டார் அவர்.

“வாடகைச் சட்டம்.”

“அது தீராத வியாதியாச்சே,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.