விசிலுக்கு நிற்கிறவள்

டயானாவுக்கு என்ன கோளாறு என்று தெரியாமல் எனக்கு மண்டை காய்ந்தது. எங்கள் பள்ளிக் கால்பந்து அணியில் இந்த ஆவூர்க்காரி பந்தோடு கிளம்பினால் எவளாலும் பிடிக்க முடியாது. நான் வைஷ்ணவி, அதே அணியின் கோல்கீப்பர். அவள் ஓட்டத்தை வேடிக்கை பார்ப்பதுதான் பாதி நேரம் என் வேலை. அப்பேர்ப்பட்டவள் புதுக்கோட்டையில் மாவட்ட நூறு மீட்டர் தகுதிச் சுற்றில், எல்லாரும் கிளம்பிய பிறகும் கோட்டிலேயே பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் விழுந்தடித்து ஓடி, எப்படியோ இறுதிச் சுற்றுக்குத் தொற்றிக்கொண்டாள்.

எங்கள் விளையாட்டு ஆசிரியை அருள்ராணி டீச்சருக்கு வந்ததே கோபம்!

"பந்து பந்துன்னு திரிஞ்சா இப்புடித்தான். ஃபைனல்ல ஜெயிக்கல, பந்துக்கு முழுக்குப் போட்டுரணும். சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவர். இவளை விட்டால் எங்கள் அணியில் கோல் போட ஆள் கிடையாது.

"ஏன்டி கெளம்பாம நின்ன?"

"தெரியலடி. காலு நகரவே மாட்டேங்குது."

"நம்ம ஸ்கூல்ல மட்டும் சிட்டாப் பறக்குற?"

"அங்க டீச்சர் கையத் தட்டுவாங்கள்ல."

சட்டென்று உறைத்தது. இங்கே துப்பாக்கி காலையிலேயே மக்கர் பண்ணியதால், நடுவர் விசில் ஊதித்தான் ஓடவிட்டார். சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? அவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும்போது, வாயில் விரல் வைத்து ஒரு விசில் அடித்தேன். பாட்டில் பாதி வழியில் நின்றது. அடிப்பாவி! பந்தாட்டத்தில் விசில் என்றால் நிற்க வேண்டும். நின்று நின்று அது இவள் உடம்பிலேயே ஊறிப்போயிருக்கிறது.

நடுவரிடம் ஓடினேன்.

"சார், ஃபைனலுக்கு விசில் வேணாம் சார். கட்டையத் தட்டி ஓட விடுங்க."

"நீ யாரும்மா?"

"கோல்கீப்பர் சார்."

ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் பெட்டியைக் குடைந்து இரண்டு கட்டைகளை எடுத்தார்.

இறுதிச் சுற்று. கட்டை 'டப்'பென்றது, டயானா பாய்ந்தாள். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே விசில் அலறியது, டயானா நின்றுவிட்டாள்.

மற்றவர்கள் மைக் இரைச்சலில் விசில் காதில் விழாமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். "போச்சு! மறுபடியும் நின்னுட்டா பாரு!" என்று டீச்சர் தலையில் கைவைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் அறிவித்தார்கள். ஒரு பெண் கட்டை தட்டும் முன்பே பாய்ந்திருக்கிறாள். அவளை நிறுத்தத்தான் அந்த விசில். ஓட்டம் செல்லாது, அவளை நீக்கிவிட்டு மறுபடி ஓட வேண்டும். முழுத் தூரமும் ஓடிய மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாக்குத் தள்ளத் திரும்பி வந்தார்கள். டயானா ஆற அமர ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுபடி கட்டை தட்டினார்கள். முதலில் வந்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தார். "இங்கிட்டு வாடி. நாளைலேருந்து விசிலுக்கு ஓடிப் பழகணும், தெரியுதா?"

"அப்ப பந்துக்கு, டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பந்துக்கு நின்னுக்க."