புகையில் மூடிய கண்

எவுலாலியா பயந்தது மாதாவின் பாரத்துக்கு அல்ல, சாம்பிராணிப் புகைக்கு.

பெரிய வெள்ளியன்று வியாகுல மாதாவின் சப்பரத்தைப் பெண்கள்தான் சுமப்பார்கள். ஆன்டிகுவா நகரில் பிறந்தவள் சுமக்கும் தன் முறையை விட்டுக்கொடுத்தால் ஏன் என்று தெருவே கேட்கும். தோள் உயரம் பார்த்து ஆட்களை நிறுத்துவதால் பக்கத்தில் இந்த ஆண்டும் நாத்தனார் நிக்கோலாசாதான்.

நிக்கோலாசாவின் தம்பி ரிகோபெர்த்தோ நுரையீரல் கெட்டுச் செத்தான் என்றுதான் ஊருக்குத் தெரியும். எச்.ஐ.வி. என்ற சொல் அவனுக்கும் அவன் மனைவி எவுலாலியாவுக்கும் நடுவிலேயே நின்றுபோனது. இப்போது அந்தக் கிருமி அவள் கால்களுக்கு வந்திருந்தது. பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் கம்பளியை மடித்து வைத்தாற்போல் ஒரு மரமரப்பு. தலைநகர் மருத்துவமனையில் டாக்டரம்மா கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடியவள் அவர் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

"கிருமி மாத்திரைக்கு அடங்கிடுச்சும்மா. ஆனா நரம்பை முன்னாடியே தொட்டுடுச்சு. தரை எங்க இருக்குன்னு உங்களுக்குக் கால் சொல்றதில்ல, கண்ணுதான் சொல்லுது. நிக்கிறப்போ கண்ணை மூடாதீங்க."

ஊர்வலம் போகும் தெரு நெடுகச் சாயம் தோய்த்த மரத்தூளால் பூ விரித்திருந்தார்கள். மிதித்தால் அமுங்கியது. எவ்வளவு அமுங்கியது என்பதுதான் தெரியவில்லை. அவள் தன் செருப்பையே பார்த்து நடந்தாள்.

"என்னடி, புதுப்பொண்ணு மாதிரி குனிஞ்சே வர்ற?"

"பூ நல்லாருக்கு மதினி."

"நல்லாத்தான் இருக்கும். நாம மிதிச்சுக் கெடுக்கத்தானே ராத்திரியெல்லாம் முழிச்சுப் போட்டிருக்கானுங்க."

தோளில் அழுத்திய சப்பர மரம் அவளைப் பிடித்து நிறுத்தியது. அது இருக்கிறவரை விழமாட்டாள் என்று தோன்றியது. தெருமுனையில் அடுத்த அணி சப்பரத்தை வாங்கிக்கொண்டது. தோள் லேசானது. அதே நேரம் தூபக்கலசம் முகத்துக்கு நேரே வீசிப் போக, கண் தானாக மூடிக்கொண்டது.

தெரு இல்லாமல் போனது.

விழப்போனவளை நிக்கோலாசாவின் கை இடுப்போடு வளைத்தது. கூட்டம் மாதாவின் பின்னால் நகர்ந்தது. நிக்கோலாசா நகரவில்லை.

"ரிகோவும் கடைசியில சுவரப் பிடிச்சுத்தான் நடந்தான்," என்றாள் மெல்ல. "நுரையீரல் கெட்டவன் ஏன் சுவரப் பிடிக்கிறான்னு அப்பவே யோசிச்சேன்."

எவுலாலியா தன் செருப்பைப் பார்த்துக் காலை ஊன்றினாள்.

"மாத்திரை எதுவும் சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன்."

"அவன் சாப்பிட்டானா?"

கண் எரிந்து நீர் கொட்டியது. மூடாமல் வைத்துக்கொண்டாள்.

"இல்ல மதினி. உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு பயந்தான்."

இடுப்பில் இருந்த கை இறுகியது. கோபமா, விழாமல் பிடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கை விலகவில்லை.