மட்டக்கம்பு வைத்த ரோசா

தொண்ணூற்றெட்டு மாசியில், தெரணியகலைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பெரிய துரை பங்களாவில் பூந்தோட்ட வேலைக்கு என்னை மாற்றினார்கள். அதுவரை தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன் நான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வாசல் பாத்தி நிறையக் கொத்து ரோசா. இதழின் உள்பக்கம் சிவப்பு, வெளிப்பக்கம் மஞ்சள். துரைசானிக்கு அது பிள்ளை மாதிரி. அவுருது என்கிற சித்திரை வருஷத்துக்குக் கொழும்பிலிருந்து சம்பந்தி வருகிறார், பாத்தியும் பூத்து நிற்க வேண்டும், மேசைச் சாடிகளுக்கும் பூ வேண்டும், செடியைக் கொஞ்சம் வெட்டிவிடு என்று சிங்களத்தில் சொன்னார்.

வெட்டு என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வெட்டுதான். தேயிலைக்கு உயரம் பார்க்கிற மட்டக்கம்பைக் குறுக்கே வைத்து, கவ்வாத்துக் கத்தியால் பாத்தி முழுவதையும் முழங்கால் உயரத்துக்குச் சீவிவிட்டேன். துரைசானி வந்து பார்த்தார். அழவில்லை, ஏசவும் இல்லை. தமிழில் சொன்னார்:

“அவுருதுக்குப் பூ இல்லைன்னா, ஐயாவு, நீ திரும்ப மலைக்குத்தான்.”

தேயிலை மலையில் அட்டைக்கடி, பங்களாவிலோ பத்து மணிக்குப் பால் தேத்தண்ணி. கொழுந்து எடுக்கும் என் சம்சாரம் இருளாயிக்குச் சிரிப்பு.

“ரோசாவுக்கும் தேயிலைக்கும் வித்தியாசம் தெரியாத மனுசனுக்கு என்னையக் கட்டிக் குடுத்தாரே, எங்கப்பாவச் சொல்லணுங்க.”

சாணியும் சாம்பலும் போட்டேன். வருஷத்துக்கு முதல் நாள், எல்லாக் கொம்பும் பேசிவைத்தாற்போல ஒரே உயரத்தில் பூத்தன. சம்பந்தி அந்தப் பூ மட்டத்தின்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் பேப்பர் படித்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. படியில் நின்றவர்களுக்குப் பாத்தி சிவப்பு, கீழே ரோட்டில் போனவர்களுக்கு மஞ்சள். பங்களா இரண்டு என்று நினைத்து பஸ்காரர் இரண்டு தரம் நிறுத்தினார்.

பிறகு சாடிக்குப் பூ கேட்டார் துரைசானி. அங்கொன்று இங்கொன்று வெட்டினால் மட்டம் கெட்டுவிடும். இருளாயியைக் கூப்பிட்டேன். கூடையோடு வந்து, கொழுந்து எடுக்கிற மாதிரி மேலாக ஒரு சுற்று எடுத்தாள். மறுநாளே அடுத்த சுற்று தயார். சாடி நிறைந்து, வாளி நிறைந்து, குளிக்கிற தொட்டியும் நிறைந்தது.

“அடுத்த அவுருதுக்கும் அந்தக் கம்ப மறக்காத, ஐயாவு” என்றார் துரைசானி. நான் மலைக்குப் போகவில்லை.

மிச்சப் பூவை இருளாயி பழக்கத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கே சுமந்துபோய்விட்டாள். கணக்கப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் தராசில் தூக்கினார். வழக்கம்போல ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்துக்கொண்டார்.