நீலத் தாளில் விழாத வலி

ஷோபனாவின் கணவர் டில்லிபாபு வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பது திருத்தணியில் எல்லோருக்கும் தெரியும். ஏதோ சண்டை. எதற்கென்று கேட்டால் இருவருக்குமே இப்போது சரியாகச் சொல்லத் தெரியாது. சட்டையை மாட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போனவர் அங்கேயே தறியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சமாதானம் பேசப் போனவர்கள் ஆளுக்கொரு லுங்கி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஷோபனா தையல் மிஷினை இன்னும் கொஞ்சம் வேகமாக மிதித்தாள், அவ்வளவுதான்.

தெரியாத ஒரே ஆள் பல் டாக்டர் ஹெப்சி. அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து, வைத்தியம் பார்த்துவிட்டு ரயிலிலேயே போகிற சின்னப் பெண். ஷோபனாவின் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் மாட்டிய அன்று, “வீட்ல யாருக்கா இருக்காங்க?” என்று சும்மாதான் கேட்டாள். “எங்க வூட்டுக்காரு இருக்காரும்மா” என்று ஷோபனாவுக்கு வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அது நன்றாக இருந்தது. அடுத்த முறை போனபோது அவருக்கு வத்தக்குழம்பு இல்லாமல் சோறு இறங்காது என்றாள். அதற்கடுத்த முறை, ராத்திரி இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டு முடிக்க நேரமாகிவிடுகிறது என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். ஷோபனாவோ இல்லாத ஆளுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

போய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் வலி நிஜம். சாப்பிட உட்கார்ந்தால் புதுக் கேப் எதிலோ முட்டி, காதுவரை சுள்ளென்று இழுக்கும். சோறு என்றாலே பயமாகிவிட்டது. பாதித் தட்டில் கையைக் கழுவிவிடுவாள்.

ஹெப்சி ஒவ்வொரு முறையும் நாற்காலியைச் சாய்த்துப் படுக்கவைப்பாள். பற்களுக்கு நடுவே மெல்லிய நீலத் தாளை வைத்து, “கடிங்கக்கா, டக்கு டக்குன்னு கடிங்க” என்பாள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எங்கெங்கே சேருகிறதோ அங்கெல்லாம் நீலப் பொட்டு விழும். ஒன்று மட்டும் பெரிதாக விழுந்தால் அந்த இடம் உயரம், தேய்க்க வேண்டும். ஷோபனாவுக்கு எல்லாம் ஒரே அளவாக விழுந்தன.

“ஒரு மயிரிழை உயரமா இருந்தாலும் இதுல தெரிஞ்சுடும்கா. தாடையும் காட்டிக் கொடுத்துடும். உங்களுக்கு எல்லாம் சரியா சேருது.”

“அப்ப நான் பொய்யா சொல்றேன்?”

“ஐயோ, அப்படி இல்லக்கா. எக்ஸ்ரேயில தெரியாத விரிசல் வேர்ல இருக்கலாம். இருந்தா பல்லை எடுத்துத்தான் ஆகணும்.”

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் சேருவதற்குள் எடுத்துவிடலாம் என்று பேச்சாயிற்று. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். ஷோபனாவுக்குச் சொல்லைப் பற்றிக் கவலையில்லை, பேசத்தான் ஆளில்லையே. ஆனால் அந்தப் பக்கம் மென்று சாப்பிட மிஞ்சியிருந்த நல்ல பல் அது ஒன்றுதான். அதுவும் போனால் அப்புறம் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான்.

பல் எடுக்க வேண்டிய நாளில், தையல் கடையில் ஆடிக் கிருத்திகைக்குத் தைக்க வந்த மஞ்சள் துணிகளை அப்படியே போட்டுவிட்டுச் சீக்கிரமே போனாள். ஹெப்சி மேஜையில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. ஊசி போட்டா அப்புறம் சாப்பிட முடியாது. நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க. எப்படி வலிக்குதுன்னு நானும் பாக்கறேன்” என்று டப்பா மூடியில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும் வைத்து நீட்டினாள்.

ஷோபனா மேஜைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ரயிலில் இடம் கிடைத்ததா என்று கேட்டாள். அரக்கோணத்தில் கூடவே ஏறிய ஒரு அம்மாள் கீரைக் கூடையை மடியில் வைத்துவிட்ட கதையை ஹெப்சி சொன்னாள். ஷோபனா சிரித்தாள். மூடி காலியானது.

“வலிச்சுதா?”

ஷோபனா திகைத்தாள். “இல்லியே.”

ஹெப்சி கையைத் துடைத்தபடி யோசித்தாள். “இங்க பேசிக்கினு சாப்பிட்டா வலிக்கல. வீட்ல சார் கூட பேசிக்கினு சாப்பிட்டா வலிக்குது. புரியலியேக்கா. வீட்ல எப்படி உக்காருவீங்க?”

ஷோபனா காலி மூடியை மேஜையில் வைத்தாள். இன்னும் ஒரே ஒரு பொய் போதும். நேற்றுகூட அவரோடு சாப்பிடும்போது வலித்தது என்று சொன்னால் ஊசி போட்டுப் பல்லை எடுத்துவிடுவாள். இந்த அறையில் டில்லிபாபு இன்னும் வீட்டோடு இருக்கிறார். வெளியே எங்கும் அவர் இல்லை. அதற்காக ஒரு பல்லைக் கொடுத்தால் என்ன என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தாள்.

“அவுரு இல்லம்மா” என்றாள். “போயி ரெண்டு வருஷமாச்சு. நான் தனியாதான் துன்றேன். தரையில தட்டை வெச்சிக்கினு, தலையைக் குனிஞ்சிக்கினு. நிமிந்து யாரைப் பாக்கப் போறேன்?”

நல்லவேளையாக ஹெப்சி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “வீட்ல உக்கார்ற மாதிரியே உக்காந்து காட்டுங்கக்கா” என்றாள்.

ஷோபனா டைல்ஸ் தரையில் சம்மணமிட்டு, டப்பா மூடியை முன்னால் வைத்துக் குனிந்தாள். ஹெப்சியும் எதிரே தரையில் உட்கார்ந்து, நீலத் தாளைக் கீழேயிருந்து நீட்டினாள். “அப்படியே குனிஞ்சிக்கினு கடிங்க.”

கேப்பின் முன்பக்கச் சரிவில், இதுவரை ஒன்றுமே விழாத இடத்தில், மிளகு அளவுக்கு நீலம் அப்பியிருந்தது.

“குனிஞ்சா கீழ்த்தாடை ஒரு இழை முன்னாடி வருதுக்கா. அங்க முட்டுது. உங்களைப் படுக்க வெச்சே பாத்துக்கினு இருந்தேன் பாருங்க, என் தப்பு.”

தேய்ப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. குனிய வைத்து மறுபடி பார்த்தாள். நீலம் எங்கும் சமமாக விழுந்தது.

ஷோபனா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். “அடுத்த வாரம் வரணுமா டாக்டரம்மா?”

“தேவையில்லக்கா. சரியாயிடுச்சு. சும்மா இந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாத்துட்டுப் போங்க.”

சும்மா யார் பல் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

வீட்டுக்கு வந்து, தட்டைத் தரையில் வைத்துக் குனிந்து சாப்பிட்டாள். பயந்து பயந்து மென்றாள். முட்டவில்லை. அந்தப் பக்கமே போட்டு மென்றாள். வலி சுத்தமாக இல்லை. எத்தனையோ நாள் கழித்து தட்டுச் சோறு முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். பிறகு எச்சில் கையோடு உட்கார்ந்து அழுதாள், டில்லிபாபு இப்போதுதான் எழுந்து போனதுபோல.