தொனீனோவுக்காக ஏறிய மலை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மலையிலிருந்து இறங்கி வந்து கதவைத் திறந்தபோது, தொனீனோவின் கூடை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எமிலியானா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, செருப்பைப் போடுங்கோ, தரை ஈரமாக் கிடக்கு" என்றாள்.

தொனீனோ ஒரு ஃபெரட். பார்வைக்கு எங்களூர்க் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும், ஆனால் பாம்பைக் கண்டால் என் காலுக்குள் வந்து ஒளிந்துகொள்ளும். நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் மகள் ஆசைப்பட்டு வாங்கினாள், பிறகு மிலானோவுக்குப் படிக்கப் போய்விட்டாள். லிபெர்த்தா தெருப் பணக்கார வீடுகளில் இதுதான் வழக்கம். பிள்ளைகள் போய்விடுவார்கள், அவர்களின் பிராணிகள் வேலைக்காரியின் தலையில் விழும். நானும் அப்படித்தான் ஏழு வருடத்துக்கு முதல் முணுமுணுத்துக்கொண்டு அதைக் கையில் வாங்கினேன். பிறகு அதுவே எனக்கு எல்லாமாகிவிட்டது. சென்ற மாரியில் ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளேயே தலையை வைத்துச் சரிந்தது. கணையத்தில் கட்டி, இரத்தத்தில் சீனி இறங்கி இறங்கி மயக்கம் வரும், இந்த வயதில் வெட்டவும் ஏலாது என்றார் டொக்டர். அன்றிலிருந்து நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கைக்குழந்தைகளுக்கு விற்கும் கோழிக்கூழை விரலில் எடுத்து ஊட்டினேன். வாயில் நுரை வந்தால் பல் முரசில் தேன் தடவினேன். கண்ணும் போய்விட்டது. பின்னங்கால் இழுபடும், ஆனாலும் நான் வந்தால் மூக்கைத் தூக்கும். சிஞ்ஞோரா அதன் நாற்றத்துக்காகக் கதவைச் சாத்திக்கொள்வார். எனக்கு அந்த நாற்றம் தெரிந்ததே இல்லை.

செப்டம்பரில் சிஞ்ஞோரா "போதும், குகனா, ஊசி போட்டு அனுப்பிவிடுவோம்" என்று சொல்லத் தொடங்கினார். குகனேஸ்வரி என்ற பெயர் அவரது வாயில் அவ்வளவுதான் நுழையும். ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் நான் எனக்கென்று எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். அப்படியொரு நாள் வந்தால் நான்தான் அதைக் கையில் வைத்திருப்பேன், நான் இல்லாமல் ஒன்றும் செய்யக்கூடாது என்றேன். நெஞ்சில் கையை வைத்து "ப்ரொமெஸ்ஸோ", சத்தியம், என்றார். நானும் நம்பினேன்.

பிறகுதான் நேர்த்தி வைத்தேன். தொனீனோவுக்குத் திரும்பவும் கால் வழங்கி நடந்தால் போதும், மூன்று ஞாயிறு வெறுங்காலோடு பெல்லெக்ரீனோ மலையேறி புனித ரோசாலியா அம்மாவிடம் வருகிறேன் என்று. சைவக்காரி வேதக்கார அம்மாவிடம் போவது பலெர்மோவில் புதினமில்லை, எங்கள் சனம் பாதி அந்த மலையில்தான் நிற்கும். ஆனால் ஒரு மிருகத்துக்காகப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். கேட்டவர்களிடம் என் முழங்காலுக்கு என்றேன். முழங்கால் நோக்காரி வெறுங்காலோடு மலையேறுகிறாள் என்று அதற்கும் சிரித்தார்கள். உண்மை தெரிந்தவள் எமிலியானா ஒருத்திதான். மன்னார்ப் பிள்ளை. வந்த புதிதில் நான்தான் அவளுக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். லீவென்றால் எங்களுக்குள்தான் ஆள் மாற்றி விடுவோம், வெளியாளை விட்டால் வேலையே கைமாறிவிடும். அதனால் அந்த ஞாயிறுகளில் என் இடத்தில் அவளை விட்டேன். தேன் தடவும் விதத்தைக்கூட நானே அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன்.

"எப்ப?" என்றேன்.

"பத்து மணிக்கு டொக்டர் வந்தவர்."

"சிஞ்ஞோரா எங்கை?"

"மொண்டெல்லோக் கடற்கரைக்குச் சாப்பிடப் போட்டா."

"உனக்கு முதலே தெரியுமோ?"

துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தாள். "வெள்ளிக்கிழமை போன் எடுத்துச் சொன்னவ. நீங்கள் நிண்டால் விடமாட்டியள் எண்டு."

சனிக்கிழமை என்னோடு இருந்து தேத்தண்ணி குடித்தவள் இவள். கால் வெடித்திருக்கிறது, இந்தக் கிழமை விடலாமோ என்று நான் யோசித்தபோது, "நேர்த்தியை இடையிலை விடக்கூடாது அக்கா, கட்டாயம் போங்கோ" என்று சொன்னவளும் இவள்தான். சிஞ்ஞோரா தன் சொல்லை மீறியதைவிட அதுதான் எனக்கு நெஞ்சைப் பிளந்தது. காலையில் தொனீனோ ஒரு விரல் கூழ் சாப்பிட்டிருந்தது. அந்தச் சந்தோசத்தில் நான் மலையில் கல்லும் முள்ளும் பாராமல் ஏறியிருக்கிறேன்.

"அது பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதே அக்கா? தெரிஞ்சும் நீங்கள் விடேல்லை" என்றாள். அதில் உண்மை இருந்திருக்கலாம். அதை வெள்ளிக்கிழமையே என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே.

"பயந்ததோ?"

"இல்லை அக்கா." என்னை ஆற்றுவதாக நினைத்து அவசரமாகச் சொன்னாள். "முதல் என்ர கையிலை நிக்கேல்லை, கடிக்க வந்தது. பிறகு சிஞ்ஞோரா உங்கட வேலைச் சட்டையை எடுத்துத் தந்தவ. அதைப் போட்ட உடனை மணந்து பாத்திட்டு அப்பிடியே அடங்கிட்டுது. ஊசி போடேக்கையும் என்ர விரலை நக்கிக்கொண்டுதான் கிடந்தது."

கண் தெரியாத சீவன். தன்னைப் பிடித்திருப்பது நான்தான் என்று நம்பியிருக்கிறது. அந்த ஊசிக்கு அதைக் கொடுத்ததும் நான்தான் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறது.

எமிலியானா என்னவோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். நான் பல்கனிக் கதவைத் திறந்தேன். கொடியில் என் நீல வேலைச் சட்டை கழுவித் தனியே தொங்கியது, தோளில் இரண்டு கிளிப். கடற்காற்று உள்ளே புகுந்து அதை என் அளவுக்கு உப்பவைத்தது. சட்டையின் கைகள் இரண்டும் என்னை நோக்கி நீண்டு, தாழ்ந்து, திரும்பவும் நீண்டன.