நன்றியுரை

“நன்றி அம்மா” என்று சொல்லிவிட்டு, கோபிகா தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அடுத்த ஈட்டுப் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த உதயகலாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

மானிப்பாயில் அந்த வீட்டைக் கட்டிக் குடிபுகுந்து பதினான்கு வருடம். இந்தப் பதினான்கு வருடத்தில் அந்தச் சொல் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. வந்து அதற்கு இங்கே என்ன வேலை? சோறு போட்டால் சாப்பிடுவார்கள். உப்புக் கூடினால் கத்துவார்கள். நன்றாக இருந்தால் வாய் திறக்காமல் கோப்பையை நீட்டி இன்னொரு அகப்பை கேட்பார்கள். நன்றி என்பது மேடைக்குரிய சாமான். பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் எழும்பி வந்து, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, பந்தல் போட்டவரிலிருந்து தேத்தண்ணி ஊற்றியவர் வரைக்கும் பெயர் சொல்லி நன்றியுரை வாசிப்பார். அவர் ‘நன்றி’ என்று தொடங்கும்போதே சனம் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும்.

சுற்றுலா போய் வந்த மறுநாள் தொடங்கியது இந்தக் கூத்து. போன செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வரலாற்றுப் பாடத்துக்காக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கந்தரோடை, நல்லூரில் யமுனா ஏரி, பழைய சாமான்கள் வைத்திருக்கிற நூதனசாலை, கடைசியாகக் கோட்டை. புதன்கிழமை காலை தேத்தண்ணிக்கு ஒரு நன்றி வந்தது. தலை பின்னிவிட்டதற்கு ஒன்று. வியாழக்கிழமை சட்டை அழுத்திக் கொடுத்ததற்கு, வெள்ளிக்கிழமை குடையை எடுத்துக் கொடுத்ததற்கு. இன்று சனிக்கிழமை, உதயகலாவுக்கு எண்ணிக்கையே தவறிவிட்டது. வாய் முளைத்த நாளிலிருந்து “இதென்ன கறி, இதென்ன சட்டை” என்று மூக்கைச் சுளித்தே வளர்ந்த பிள்ளை திடீரென்று இப்படிப் பண்பாகிவிட்டால் பெற்றவளுக்குப் பெருமையா வரும்? சந்தேகம்தான் வரும்.

“பிள்ளை திருந்துது. உமக்கு அதுவும் பிழையோ?” என்றான் கணவன் பிரகாஸ். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறப் போகிற அவசரம் அவனுக்கு.

“திருந்திற பிள்ளை ஒரேயடியாத் திருந்தாது. என்னத்தையோ உடைச்சுப்போட்டு நிக்குது.”

தேடிப் பார்த்தாள். தண்ணீர்ப் போத்தல் இருந்தது. குடைக்கம்பி ஒன்றும் வளையவில்லை. மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. காதில் தோடு இரண்டும் இருந்தன. ஒன்றும் உடையாமல், தொலையாமல் ஒரு பிள்ளை எதற்காக நன்றி சொல்லும்?

அவளுக்கு இவ்வளவு கெதியில் மூக்கில் வியர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தானே ஒன்றை ஒளித்துக்கொண்டு திரிகிறவளுக்கு, வீட்டில் மற்றவர்களும் எதையோ ஒளிப்பது போலத்தான் இருக்கும். ஒன்றரை மாதத்துக்கு முன் கிணற்றடியில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சுண்டங்காய் அளவு. நோகவுமில்லை. ஊரிலே பார்த்த டொக்டரம்மா அமத்திப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினா. உதயகலா இரண்டு செவ்வாய்க்கிழமை “சங்கானைச் சந்தைக்குப் போறன்” என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்துப் பஸ்ஸில் ஏறினாள். முதல் நாள், எழுதுவதற்குக் கொப்பி ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டாம் நாள் கோபிகாவின் மேசையில் இருந்த புதுக் கொப்பிகளில் ஒன்றை உருவிக்கொண்டு போனாள். அட்டையில் பச்சைக்கிளி படம். அன்று ஊசி போட்டுக் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு, வருகிற செவ்வாய் முடிவு சொல்வோம் என்றார்கள். கிளி இப்போது அரிசி வாளிக்குள் கிடக்கிறது.

பிரகாஸுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகம் காட்டிக் கொடுத்துவிடும். முகத்தைப் பார்த்து அவன் அக்கா செல்வநாயகி விஷயத்தைக் கறந்துவிடுவாள். பொழுதுபடுமுன் பாதி மானிப்பாய் வாழைப்பழச் சீப்போடும் பால்மா ரின்னோடும் வந்து விறாந்தையில் குந்திவிடும். இதெல்லாம் அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். உள்ளே கிடந்தது வேறு. வாய்விட்டுச் சொன்னால் கட்டிக்குக் காது கேட்டுவிடும், கேட்டால் அது வளர்ந்துவிடும் என்று பயந்தாள். பைத்தியக்கார எண்ணம் என்று அவளுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தேங்காய் துருவக் குந்தினாள். எங்கிருந்தோ ஓடி வந்த கோபிகா துருவலையைப் பறித்துக்கொண்டாள்.

“தாங்கோ, நான் துருவுறன். நீங்கள் கையை ஆட்டக் கூடாது.”

“ஏன், என்ரை கைக்கு என்ன வந்தது?”

“ஒண்டுமில்லை.” கோபிகா துருவத் தொடங்கினாள். பிறகு, தலை நிமிராமலே, “அம்மா, செவ்வாய்க்கிழமை சங்கானையிலை என்ன வாங்கினனீங்கள்?”

“கத்தரிக்காய்.”

“அண்டைக்குக் கறி முருங்கைக்காய் எல்லோ?”

“கத்தரிக்காய் ஒரே முத்தல். செல்வநாயகி மாமி வீட்டு மாட்டுக்குப் போட்டிட்டன்.”

“ஓ.” இன்னும் நாலு இழுவை. “என்ரை கிளிப்படக் கொப்பி ஒண்டைக் காணேல்லை.”

“மாமி கேட்டவா. குடுத்தனான்.”

“மாமி என்ன எழுதப் போறா?”

“தேவாரம்.”

கோபிகா தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பார்வையாக அது இல்லை. “நன்றி அம்மா” என்றாள்.

“எதுக்கடி நன்றி? தேங்காய் துருவுறது நீ.”

“சும்மாதான்.”

இவள் துருவுவது தேங்காயையா, என்னையா என்று உதயகலாவுக்கு விளங்கவில்லை.

மத்தியானம் போனை எடுத்து, வகுப்பு வட்சப்பில் ரீச்சர் போட்ட சுற்றுலாப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். கந்தரோடையில் கோபிகா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். யமுனா ஏரியில் பக்கத்துப் பிள்ளையின் தலைக்கு மேலே இரண்டு விரலால் கொம்பு வைத்திருந்தாள். நூதனசாலை வாசலிலும் சிரிப்புத்தான். கோட்டையில் மட்டும் எல்லோரும் படம் எடுக்கிறவரைப் பார்க்க, இவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் என்றால் போகட்டும். கோட்டையில் எடுத்த ஆறு படத்திலும் அப்படித்தான். நூதனசாலைக்கும் கோட்டைக்கும் நடுவில் பிள்ளைக்கு என்னவோ நடந்திருக்கிறது.

கோபிகாவோடு படிக்கிற பிள்ளையின் தாய் பிரசாந்திக்குப் போன் எடுத்தாள்.

“உங்களுக்குத் தெரியாதே? பஸ்ஸுக்கை உங்கடை பிள்ளைக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வந்ததாம்” என்றாள் பிரசாந்தி. “ஜன்னலாலை தலையை நீட்டி நீட்டிப் பின்னாலை பாத்தவளாம். ரீச்சர் பேசி இழுத்து இருத்தினவாவாம். பிறகு ஒரு சொல்லும் கதைக்கேல்லையாம்.”

பின்னாலே எதைப் பார்த்தாள்? யாரைப் பார்த்தாள்? பஸ்ஸுக்குள் யாராவது ஏதாவது… அதற்கு மேலே நினைக்க உதயகலாவுக்கு நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. அன்று முழுக்கக் கட்டியை மறந்துபோனாள். ஒன்றரை மாதத்தில் அது முதல் தடவை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த கோபிகா சாப்பிட்டாள், நன்றி சொன்னாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு ரியூசனுக்குப் போனாள். படலை சாத்திய சத்தம் கேட்டதும் உதயகலா அறைக்குள் போய்ப் புத்தகப் பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினாள். களவுதான். தாய்க்காரி களவெடுக்காமல் வேறு யார் எடுப்பது? கொம்பாஸ் பெட்டிக்குள் பார்த்தாள். புத்தகங்களை விரித்து உதறினாள். கடிதமும் இல்லை, கண்றாவியும் இல்லை. வரலாற்றுக் கொப்பியைத் திறந்தால், ரீச்சர் கொடுத்த தாளொன்று ஒட்டியிருந்தது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய சுற்றுலா அறிக்கை. நேரம், இடம், பார்த்தது, அறிந்தது என்று நாலு நிரல்.

கந்தரோடைக்கு நேரே, ‘சின்னச் சின்னத் தூபிகள்’ என்று பென்சிலால் எழுதியிருந்தாள். அறிந்தது: ‘சிறிதாகவும் கட்டலாம்.’ யமுனா ஏரிக்கு நேரே, ‘ப வடிவக் குளம், தண்ணீர் பச்சை.’ அறிந்தது: ‘முந்தின ஆட்களும் குளித்தார்கள்.’ உதயகலாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. நூதனசாலைக்கு நேரே, ‘உடைந்த சட்டி, பானை.’ அறிந்தது: ‘யார் சமைத்தது என்று எழுதி வைக்கவில்லை.’

அதற்கு அடுத்த வரியில் கண் போனதும் சிரிப்பு நின்றது.

நேரம், 11.20. இடம், ஆஸ்பத்திரி வீதி. பார்த்தது, ‘அம்மா. நாவல் நிறச் சட்டை. கையில் என்னுடைய கிளிக் கொப்பி. இடது கையை அணைத்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் தனிய நின்றா.’

அறிந்தது என்ற இடத்தில் ஒன்றுமில்லை. எழுதி எழுதி அழித்திருக்கிறாள். அழிறப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து, கீழே வைத்த விரல் மேலே தெரிந்தது.

உதயகலா கட்டிலில் இருந்துவிட்டாள். அந்த நேரம் அவளுக்கு நினைவு இருந்தது. ஊசி போட்ட இடம் எரிந்துகொண்டிருந்தது. நேரே பஸ்நிலையத்துக்குப் போவதா, கொஞ்சம் நிழலில் ஒதுங்குவதா என்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு முன்னால் நின்றாள். பஸ் நிறையப் பிள்ளைகள் பாடிக்கொண்டு கடந்து போனார்கள். யாருடைய பிள்ளைகளோ என்று அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நூதனசாலையிலிருந்து கோட்டைக்கு எந்த வழியாலே கூட்டிக்கொண்டு போவார்கள் என்று ஒரு தாய்க்கு யோசிக்கத் தெரியவில்லையே! ஒரு கிழமையாகப் பிள்ளை இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, புட்டுக்கும் தேத்தண்ணிக்கும் தலை பின்னலுக்கும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நன்றியுரை வாசித்துக்கொண்டு திரிந்திருக்கிறது. அதன் கணக்கில் அம்மா போகப் போகிறா.

ஐந்தரைக்கு கோபிகா வந்து சைக்கிளை மாமரத்தில் சாத்தினாள். விறாந்தை மேசையில் தன் வரலாற்றுக் கொப்பி விரித்துக் கிடப்பதையும், பக்கத்தில் அரிசித் தவிடு ஒட்டிய கிளிக் கொப்பி கிடப்பதையும் கண்டு வாசலிலேயே நின்றாள்.

“உதிலை ஏன் ஒண்டும் எழுதேல்லை?” என்று கேட்டாள் உதயகலா.

“தெரியாததை எழுதக் கூடாதாம். வெறுமையா விடட்டாம் எண்டு ரீச்சர் சொன்னவா.”

“என்னட்டைக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டனான். கத்தரிக்காய் எண்டு சொன்னனீங்கள்.”

உதயகலா பிள்ளையை இழுத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள். கட்டியைப் பற்றிச் சொன்னாள், ஊசியைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, கட்டி கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு எங்கோ போய்விட்டது. கேட்டுக்கொண்டிருந்தது கோபிகாதான்.

“செத்துப்போவீங்களோ?”

“தெரியாது பிள்ளை. உன்னாணை எனக்கும் தெரியாது. நாளைக்குத்தான் சொல்லுவினம்.”

கோபிகாவின் உதடு கோணியது. ஆனாலும் வாய் பழக்கத்தில் திறந்தது. “நன்…”

“மூடடி வாயை!” உதயகலாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “நன்றியுரை கடைசியாத்தான் வாசிக்கிறது. இஞ்சை கூட்டம் இன்னும் முடியேல்லை. விளங்குதோ?”

பிள்ளை அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கிழமைக்கும் சேர்த்து அழுதது. அழுது முடியட்டும் என்று இருந்துவிட்டு உதயகலா எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். கோபிகா ஒரு மிடறு குடித்து மூக்கைச் சுளித்தாள்.

“சீனி காணாது.”

“குடிச்சால் குடி, விட்டால் விடு” என்றாள் உதயகலா. அதைச் சொல்லக் கிடைத்ததில் அவளுக்கு இருந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை.

தோட்டத்தால் வந்த பிரகாஸுக்கும் சொன்னார்கள். அவன் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினான். அது விழுந்தது. எடுத்துச் சாத்தினான், திரும்பவும் விழுந்தது. விடியற்காலை எழும்பி, கிளினிக்கில் நம்பர் எடுத்து வைக்கிறேன் என்று மோட்டார்சைக்கிளில் முந்திப் போய்விட்டான்.

தாயும் மகளும் ஏழு மணி பஸ்ஸில் ஏறினார்கள். கோபிகா ஜன்னல் கரையைப் பிடித்துக்கொண்டாள். மடியில் இரண்டு கொப்பியும் இருந்தன. அறிக்கையை இன்றைக்குக் கொடுக்கவில்லை என்றால் ரீச்சர் பேசுவா என்று உதயகலா சொன்னதற்கு, “நாளைக்குக் குடுக்கலாம், ஒரு இடம் எழுதக் கிடக்கு” என்றாள். பென்சிலும் கொண்டுவந்திருந்தாள்.

பஸ் ஆஸ்பத்திரி வீதிக்குள் திரும்பியதும் கோபிகா தாயின் கையைத் தட்டினாள். “அம்மா, பாருங்கோ. உதிலைதான் நிண்டனீங்கள்.”

உதயகலா குனிந்து பிள்ளையின் தலையோடு தலை வைத்து வெளியே பார்த்தாள். அந்த இடத்தில் இப்போது வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். அறிமுகமில்லாத முகம். ஒரு கையில் கொப்பி. மற்றக் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, கடந்து போகிற பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.