நிக்கொலஸின் காதில் ஜெசிந்தாவின் குரல்

1

இந்தக் கதை பாலாவிச் சந்தியில் கிடைத்தது. கற்பிட்டி பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "இந்தப் பக்கம் வந்து கதைங்க, மற்றக் காது மந்தம்" என்று தொடங்கிப் பாதிக் கதை சொன்னார். பெயர்களும் மீதியும் என்னுடையவை.

2

கடல் இரைந்துகொண்டிருந்தது. நிக்கொலஸுக்கு அந்த இரைச்சல்...

(வேண்டாம். கடல் எப்போதும் இரைகிறது. அவனுடைய பிரச்சினை மனைவியின் குரல்.)

நிக்கொலஸ் ஆலங்குடாப் பக்கத்துத் தேவாலயங்களுக்கு சவுண்ட் செட் போடுபவன். இடது காது சிறுவயதிலிருந்தே மந்தம். வலது காதுதான் சோறு போட்டது. அதிலும் சீழ் வைத்து எலும்பை அரிக்கத் தொடங்கவே, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து, எலும்பைச் சுரண்டிக் காதுக்குழாயை அகலமாக்கினார்கள். காயம் ஆறியது. காதும் கேட்டது.

தேவாலயத் திருநாளுக்கான பாட்டுப் பயிற்சியில் அவன் மனைவி ஜெசிந்தா பாடினாள். தனிப்பாட்டு வருடா வருடம் அவளுடையதுதான். நிக்கொலஸ் மைக்கை மாற்றினான், வயரை மாற்றினான். கடைசியில் சொல்லிவிட்டான்:

"உன்ட குரல் போயிட்டுது. வெறும் தண்ணித் தாங்கிக்குள்ள நிண்டு பாடுற மாதிரி இருக்கு."

அவள் சண்டை பிடிக்கவில்லை. ஊரின் குரல்களையெல்லாம் சரிபார்த்த காது சொல்கிறது. மறுநாளே பாதரிடம் போய், வேறு யாரையாவது பாடவிடச் சொன்னாள்.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பந்தி எழுதி வெட்டிவிட்டேன். அவள் மீன் கழுவினாள், எந்தப் பாட்டையும் முணுமுணுக்காமல். அவ்வளவுதான்.)

3

அந்தப் பழைய குரலைக் கேட்க நிக்கொலஸுக்கு ஆசை வந்தது. போன வருடத் திருநாள் ஒலிப்பதிவைப் போட்டான். அதிலும் தாங்கிதான் பாடியது.

கிளினிக்கில் டாக்டரம்மா விளக்கினார்: "ஸ்பீக்கர் பெட்டியைப் பெருசாக்கினா சத்தம் மாறும்தானே? கூரான சத்தங்களைத் தூக்கிக் குடுக்கிறது காதுக்குழாய். உங்கட குழாய் இப்ப வேற அளவு."

"பழையபடி வருமா டொக்டர்?"

"மூளை கொஞ்சம் பழகிக்கொள்ளும். பழைய காது வராது."*

* அவருக்கு இன்னும் நீளமான வசனம் வைத்திருந்தேன். காத்திருந்த நோயாளிகளை நினைத்துக் குறைத்தேன்.

4

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப எல்லாற்ற குரலும் அப்படித்தானா?"

"ஓம். பாதர்ர குரலும்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபமும். "ஆனா, போயிட்டுது எண்டு என்ட குரலைத்தானே சொன்னீங்க?"

மறுநாள் அவள் திரும்பவும் பாதரிடம் போய், தானே பாடுவதாகச் சொன்னாள்.

திருநாளன்று அவளேதான் பாடினாள். "கூடவா, குறையவா?" என்று அவளையே கேட்டுக் கேட்டு மிக்ஸரைத் திருப்பினான். பாட்டு முடியும்வரை முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. அவன் காதுக்குள் மட்டும் அந்தத் தாங்கி.

இறங்கி வந்தவள் நேராக அவனிடம் கேட்டாள்: "எப்படி?"

அவன் பதிலாக "நல்லா இருந்துச்சு" என்று எழுதினேன். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "தாங்கிதான்" என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் அதைக் கேட்கவா அவள் திரும்பவும் மேடை ஏறினாள்? இரண்டையும் அடித்துவிட்டேன்.

சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவன் என்ன சொல்லவேண்டும்? நீங்கள் சொல்லுங்கள்.